விக்கல் பாட்டு கேட்ட மனிதர்

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கிற ஆள் இல்லை நான். ஏன் சிரித்தார், யார் சொல்லிக்கொடுத்துச் சிரித்தார் என்று இரண்டு நாள் யோசிப்பேன். மூன்றாம் நாள்தான் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தது ஞாபகத்துக்கு வரும். சந்தேகமும் கூச்சமும் என்னோடு கூடப் பிறந்தவை. தனித்தனியாக இருந்தால் இரண்டாலும் ஊருக்குக் கெடுதல் இல்லை. ஒரே நாளில் இரண்டும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கல்யாண ஊர்வலமே பார்த்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தாறு வயது. மற்ற நாளில் தறி, முகூர்த்த நாளில் பேண்டு வாத்தியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கிளாரினெட் கற்றுக்கொண்டதற்குச் சங்கீத ஆசைதான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. வாயில் ஒரு குழல் இருந்தால் யாரும் நம்மைப் பேசச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பேண்டில் ஐந்து பேர், ஐந்து சிவப்புக் கோட்டு. எந்தக் கோட்டும் யாருக்கும் அளவில்லை. கிளாரினெட் முன்னால் போகும். அதன் பின்னால் டிரம், டிரம்முக்குப் பின்னால் மாப்பிள்ளை கார். கிளாரினெட் நின்றால் ஊர்வலம் நிற்கும், அது திரும்பினால் ஊர்வலமும் திரும்பும். (இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.)

அந்த வருஷம் ஒரு படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பாட்டு மறுபடியும் காதுக்குள் ஆரம்பித்துவிடும். கதாநாயகி சுண்டல் சாப்பிடும்போது அவளுக்கு விக்கல் வருகிறது. விக்கிக்கொண்டே பாடுகிறாள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் மூன்று விக்கல். கொட்டகையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அதையே கிளாரினெட்டில் வாசித்தால், கூடைக்குள் கையை விட்டுக் கோழி பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடச் சேர்ந்து விக்குவார்கள். மாடியில் நிற்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். விக்கல் வரும் இடத்தில் மட்டும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். நான் யாரையும் பார்க்காவிட்டால் என்னையும் யாரும் பார்க்கவில்லை என்று ஒரு கணக்கு.

பிடிக்காத பாட்டைச் சமாளிக்க எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். டிரம்பெட்காரர், கல்யாண வீட்டில் என்ன டிபன் என்று யோசித்துக்கொண்டே வாசித்து முடித்துவிடுவார். பெரிய டிரம்காரர், "எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதாம்பா, டம் டம்" என்பார். நான் சட்டைப்பையில் ஒரு உடைந்த ரீடு வைத்திருந்தேன். (ரீடு என்பது குழல் முனையில் உதட்டுக்கு அடியில் வைக்கிற நாணல் பட்டை. அது இல்லாமல் சத்தம் வராது.) யாராவது விக்கல் பாட்டைக் கேட்டால், திரும்பி நின்று குழலோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு அதை எடுத்து நீட்டுவேன். "ரீடு ஒடஞ்சிடுச்சிங்க. வேற பாட்டுன்னா சமாளிக்கலாம், இது மட்டும் வராது." ஜனங்கள் பாவப்பட்டார்கள்.

சைடு டிரம் தேவராஜுக்கு மட்டும் அந்தப் பாட்டென்றால் உயிர். ஒவ்வொரு விக்கலுக்கும் அவன் தாளத் தட்டில் ஒரு 'ஜிங்' போடலாம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதே பாட்டைக் கேட்டார்களா, இவன்தான் முன்கூட்டியே ஆள் வைத்துக் கேட்க வைக்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"நான் இன்னாத்துக்குடா ஆள் வெக்கப் போறேன்?" என்பான் தேவராஜ். "ஊரே அந்தப் பாட்டத்தான் பாடிக்கினு இருக்குது."

ஊர் முழுக்க ஆள் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த நேரத்தில்தான் முசரவாக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். அதற்கு முன்னால் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றிலும் பெண் வீட்டார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஓர் இடத்தில், "பையன் பேசுவானில்ல?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டார்கள். இதுவும் போனால் இனிமேல் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். தரகர் கொடுத்த போட்டோவில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏன் சிரிக்கிறாள் என்று நான் சந்தேகப்படவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று இருந்தேன்.

"பொண்ணோட அப்பா ஒன்ன வந்து பாப்பாரு," என்றார் தரகர். "எப்போ, எங்கன்னு சொல்ல மாட்டாரு. யாருன்னு காட்டிக்காம பாத்துட்டுப் போயிடுவாரு. நீ பாட்டுக்கு இருப்பா."

சந்தேகப் பிராணியிடம் சொல்லக்கூடிய விஷயமா இது? அன்றிலிருந்து பால்காரர்கூட முசரவாக்கத்துக்காரராகத் தெரிந்தார்.

அந்த வாரமே எங்கள் பேட்டையில் ஒரு கல்யாணம். காலையில் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து அழைத்துக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கோயில் வாசலிலேயே கூட்டத்தை அலசினேன். முசரவாக்கத்துக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், கக்கத்தில் குடை. அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. தாளம் போடுகிறார்! சங்கீதம் தெரிந்த குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் பக்கம் குழலைத் திருப்பி ஒரு சாமி பாட்டை ஆரம்பித்தேன்.

பாட்டு முடிந்ததும் தோளில் யாரோ தட்டினார்கள். வெளுத்துப்போன நீலச் சட்டை போட்ட ஒல்லி ஆள்.

"தம்பி, அந்த விக்கல் பாட்டு வாசிப்பா."

ரீடை எடுத்து நீட்டினேன். மற்றவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. இவர் அதை வாங்கி, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னிக்கு ஒடஞ்ச மாதிரி தெரியலியே. அழுக்கேறிக் கெடக்குது. போன வருஷத்து ஒடசலா?"

"எங்களுக்கு அந்தப் பாட்டே தெரியாதுங்க," என்றேன்.

"இப்பதான ரீடு ஒடஞ்சிடுச்சின்னே?"

நான் அவசரமாகக் குழலை வாயில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அடுத்து தண்ணீர்க் குழாயண்டை ஊர்வலம் நின்றது. நீலச் சட்டை வந்து, "இன்னாபா, ரீடு ஒட்டிக்கினுச்சா?" என்றார். நான் காதில் விழாத மாதிரி குடைக்காரர் பக்கம் திரும்பி இன்னொரு சாமி பாட்டு வாசித்தேன். குடைக்காரரின் விரல்கள் இப்போது படுவேகமாக ஓடின. ஆள் மயங்கிவிட்டார், பெண் நமக்குத்தான் என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. மூச்சு வாங்கத் திரும்பினால், அங்கே தேவராஜின் காதில் நீலச் சட்டை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவராஜ் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நீலச் சட்டை மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுக்க, தேவராஜ் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

ஆக, ஆள் அகப்பட்டது. மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும் நாளாகப் பார்த்து என்னை நடுத்தெருவில் விக்க வைக்க ஏற்பாடு!

மூன்றாவது முறை ஊர்வலம் நின்றபோது அவர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். "ஒரே ஒரு தடவ தம்பி. கேட்டுட்டுப் போயிடறேன்."

எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். "ஒங்கள யாரு அனுப்பிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்!"

அவர் திருதிருவென்று விழித்தார். "அது... ஒனக்கெப்படிபா தெரிஞ்சுது?"

ஒப்புக்கொண்டுவிட்டார்! அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? "விக்கல்தான வேணும்? இந்தாங்க" என்று குழலின் வாயை அவர் காதண்டை வைத்து ஆரம்பித்தேன். பல்லவி இல்லை, சரணம் இல்லை, வெறும் விக்கல். ஒன்று, இரண்டு, மூன்று. தேவராஜ் சந்தோஷம் தாங்காமல் ஜிங், ஜிங் என்று போட்டான். நீலச் சட்டை முதலில் சிரித்தார். பிறகு ஒரு அடி பின்னால் போனார். நானும் ஒரு அடி முன்னால் வைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார். நானும் விடவில்லை. அவர் பக்கத்திலிருந்த சந்துக்குள் நுழைந்தார். விக்கிக்கொண்டே நானும் நுழைந்தேன். கிளாரினெட் திரும்பியதால் டிரம் திரும்பியது. டிரம் திரும்பியதால் மாப்பிள்ளை கார் திரும்பியது. காருக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டோடு நாற்பது பெண்கள்.

எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு வந்தார்கள். நான்தான், விக்கல் வாசிக்கிறேனே, இறுக்க மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தில் காலையில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டிழைகளை இடுப்புயரத்துக்குத் தெருவில் இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது எங்கள் பேட்டையில் வழக்கம். பாவு போட்டிருந்தால் மிரண்ட மாடுகூட ஒதுங்கிப் போகும். அந்த இடத்தில் சந்து வளைகிறது. பாவு குறுக்கே வருகிறது. நீலச் சட்டை ஒரு குனி குனிந்து இழை படாமல் அந்தப் பக்கம் போய்விட்டார். நான், நாலு வயதிலிருந்து பாவுக்கு நடுவில் வளர்ந்த நான், நேராகப் போய் அரக்குப் பட்டில் விழுந்தேன். கிளாரினெட் முழுக்க, விரலால் அமுக்குகிற கீகள் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கீயிலும் ஒரு கொத்து இழை. கடைசி விக்கல் பாதியில் நின்றது.

பாவுக்குச் சொந்தக்கார அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அடப்பாவி! நீயும் தறிக்காரன் வூட்டுப் புள்ளதான? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

பின்னால் கார் திரும்ப வழியில்லை. முகூர்த்தத்துக்கோ நேரமாகிறது. பெண் வீடு பாவுக்கு அந்தப் பக்கம். கடைசியில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். "தலப்பாய கழட்டிக்கினு குனிப்பா!" என்று அந்த அம்மா உத்தரவு போட்டார். "இன்னோர் எழை அறுந்துச்சின்னா தாலி கட்ட வுட மாட்டேன்!" மாப்பிள்ளை தவழ்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா தவழ்ந்தார். நாற்பது தட்டுகளும் கை மாறிக் கை மாறித் தரையோடு போயின.

அப்போதுதான் குடைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வந்தவர் நேராக என்னிடம், "ஏம்பா, டிபனுக்கு எத்தினி பேர்னு கோயில்லயிருந்து ஒண்ணொண்ணா எண்ணிக்கினு வரேன். சந்துல பூந்து எல்லாத்தையும் கலச்சி வுட்டியே! நான் எத்தினி இட்லி ஊத்தறது?" என்றார்.

சமையல்காரர். நான் இரண்டு சாமி பாட்டு வாசித்தது இட்லிக் கணக்குக்கு.

ஊர்வலம் போய்விட்டது. தேவராஜ் வாசிக்க வேண்டுமே, அவனும் தவழ்ந்து போய்விட்டான். நான் தெருவில் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆரம்பித்தேன். அழுகை வரும் போல இருந்தது. எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்து மறுமுனைகளை எடுத்தார். நீலச் சட்டை. அவர் விரலைப் பார்த்தேன். இரண்டு திருகலில் முடிச்சு விழுந்தது. தேவராஜ் பிடித்துவந்த ஆளுக்கு இந்தத் தறிக்கார விரல் ஏது?

"எந்த ஊருங்க நீங்க?" என்றேன்.

"முசரவாக்கம்."

என் கையிலிருந்த இழை நழுவியது.

"எம்பொண்ணுதான் அனுப்பிச்சா. அது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு வெளங்கல," என்றார் இழையைப் பார்த்தபடியே. "மாப்ள ரொம்பக் கூச்சம்னு தரகர் சொன்னாரு. எங்க வூட்ல எல்லாரும் சிரிச்சிக்கினே இருப்போம். 'அந்த விக்கல் பாட்டக் கேளுப்பா, நாலு பேர் எதிர்ல விக்கறாரான்னு பாரு, விக்கினாருன்னா எனக்குச் சம்மதம்'னா. நீ ரீடு ஒடஞ்சுதுன்னே. சரி, தேறாதுன்னு நெனச்சேன்."

"தேவராஜண்ட இன்னா கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்த நேரத்திலும் சந்தேகம் தீர வேண்டுமே!

"நீ தண்ணி போடுவியான்னு கேட்டேன். கூச்சத்துல பச்சத்தண்ணிகூட கேட்டுக் குடிக்க மாட்டான்னான்." ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் எண்ணிக்கினுதான் வந்தேன், மாப்ள. சந்து முனையிலயிருந்து முப்பத்தாறு விக்கல். ஒரு விக்கலுக்கே பொண்ணு சம்மதம்னா."

தை மாதம் கல்யாணம் நடந்தது. பாவை நானும் மாமனாருமாக இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தோம். அந்த விக்கல் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் என் மனைவி கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, "ம், வாசிங்க" என்பாள். வாசிப்பேன். என் மாமனார் உயிரோடு இருந்தவரை எந்தக் கல்யாணப் பந்தியிலும் பக்கத்து இலைக்காரரிடம் இதையே சொன்னார்: "எல்லாரும் மாப்ள தேடி அலைவாங்க. என்னைய ஒருத்தன் தொரத்திக்கினு வந்து மாப்ள ஆனான்."

போன மாதம் எங்கள் மகளுக்கு வாலாஜா பக்கம் ஒரு இடம் வந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். வாசல்வரை வந்துவிட்டேன். மனைவி உள்ளேயிருந்து மகனின் கான்வாஸ் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து என் காலண்டை வைத்தாள்.

"இத மாட்டிக்கினு போங்க. அந்தப் புள்ளயும் ஒங்கள மாதிரி இருந்துச்சின்னா, ஓடறதுக்கு வேணும்."