வாரியத் தலைவர் வீடு விற்பனைக்கு

டெக்சாஸ் சட்டத்தில் ஒரு வார்த்தை என்னுடையது. சும்மா சொல்லவில்லை. எங்கள் ஹியூஸ்டன் பக்கம் புதுக் குடியிருப்பு ஒன்று முளைத்தால் கூடவே ஒரு தண்ணீர் வாரியமும் முளைக்கும். குழாய் போடும், சாக்கடை பார்க்கும், கடன் வாங்கும், வரி போடும். வீட்டை விற்கிறவர் இதையெல்லாம் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அப்போது தலைநகர் ஆஸ்டினுக்குப் போய்ச் சட்டசபைக் குழுவின் முன் நின்று, "சொன்னால் மட்டும் போதாது, புரியும்படி சொல்ல வேண்டும்" என்று முழங்கியவன் நான். 'புரியும்படி' சட்டத்துக்குள் போயிற்று. வரி போடுகிறவனே சட்டத்தின் வரியிலும் கை வைத்துவிட்டான் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். வேறு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

என் பெயர் ஆர்வில் ஸ்டபிள்ஃபீல்ட். ஸ்வீட்கம் பெண்ட் தண்ணீர் வாரியத் தலைவர். எதிர்த்து யாரும் நிற்பதில்லை, என் செல்வாக்கு அப்படி. என் மனைவி லூரீன் வேறு காரணம் சொல்வாள்.

"உங்க கூட்டத்துக்கு ஒரு ஈ கூட வராதுங்க. எதிர்த்து நிக்க ஆள் எங்கிருந்து வரும்?"

அவளுக்கு ஒரே ஆசை. கடலோரம் ராக்போர்ட்டில் அவள் தங்கை நாடின் இருக்கிறாள். நாடினின் பக்கத்து வீடும் நாடினுடையதே, காலியாகக் கிடக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

எனக்கோ அதில் ஒரு சிக்கல். வாரியத்துக்குள் வீடு இல்லாதவனுக்கு வாரியத்தில் நாற்காலி இல்லை. வீடு போனால் தலைவர் பதவி போயிற்று. ராக்போர்ட்டில் நான் யார்? நாடினின் அக்கா புருஷன்.

முடியாது என்று லூரீனிடம் சொல்ல முடியுமா? அதற்கு வேறு ஆண்பிள்ளை வேண்டும். நான் மூளையை நம்பினேன்.

"தாராளமா விக்கலாம் லூரீன். ஒரே நிபந்தனை. வர்றவங்களுக்கு வாரிய அறிவிப்பை நான்தான் வாசிப்பேன். அதைக் கேட்டப்புறமும் நாம சொன்ன விலைக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டா, கையெழுத்து போடறேன்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"தலைவர் வாக்குடி."

"சரிங்க," என்று பெக்கான் பை என்கிற கொட்டைப் பலகாரம் சுடப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் பெரிய தொப்பிக்காரர். சோபாவில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூட வரிக்கு மேலே எங்கள் வரி தனி. அடைக்க வேண்டிய கடன் மலை போல இருக்கிறது. உறைபனியில் குழாய் வெடித்தது. வெள்ளநீர்க் குளத்தில் ஒரு முதலை குடியிருக்கிறது, அது மட்டும் வரி கட்டுவதில்லை. மனிதர் தொப்பியைக்கூட மறந்துவிட்டு ஓடினார். அடுத்து வந்த தம்பதி கடனிலேயே எழுந்துவிட்டார்கள், முதலை வரைக்கும் உட்காரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொய் ஒன்று கிடையாது. அத்தனையும் உண்மை, அத்தனையும் சட்டப்படி, அத்தனையும் புரியும்படி.

லூரீன் முகம் சுளிக்கவில்லை. "நல்லா வாசிக்கிறீங்க," என்று எனக்கு இன்னொரு துண்டு பை வைத்தாள்.

மூன்றாவதாக ரோசால்வா கான்ட்டு என்று ஓர் இளம்பெண் வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. போன வீட்டில் யாரோ இதையெல்லாம் மறைத்து விற்று அவளை நன்றாக ஏமாற்றியிருந்தார்களாம். எனக்கு உற்சாகம். சூடு கண்ட பூனையாயிற்றே. குரலை உயர்த்தி வாசித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சாந்தமாகக் கேட்டாள்.

"குழாய் வெடிச்சதே, யார் சரி பண்ணாங்க, எத்தனை வாரம் ஆச்சு சார்?"

"வாரமா? அன்னிக்கே சரியாயிடுச்சும்மா. நானே பூட்ஸ் மாட்டிக்கிட்டு பள்ளத்துல இறங்கினேன்."

"அந்தக் கடன்?"

"வருஷா வருஷம் குறைச்சிட்டு வர்றேன். வரியையும் குறைச்சேன். சுத்துவட்டாரத்துல வேற எந்த வாரியம் குறைச்சிருக்கு, சொல்லு பாப்போம்?"

"முதலை?"

"வேலி போட்டாச்சு. மழைக்கு ஊரே மிதந்தப்போ நம்ம தெருவுல கணுக்கால் தண்ணி கூட நிக்கல. யார் வெட்டின குளம் அது?"

நாக்கு நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை ஒருவர் கேட்டதுண்டா? காலியான நாற்காலிகளுக்கு முன்னால் நான் படித்த அறிக்கையை எல்லாம் அவளிடம் கொட்டினேன். குளத்தின் ஆழம் சொன்னேன். பம்பின் பெயர் சொன்னேன். அவள் கண்கள் கலங்கின. என் கண்களும்தான்.

"சார், இவ்வளவு நேர்மையா இதுவரை யாரும் எங்கிட்ட பேசினதில்லை. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

என் கையிலிருந்த பெக்கான் பைத் துண்டு தரைவிரிப்பில் விழுந்தது. லூரீன் பேனாவோடு தயாராக நின்றாள்.

கையெழுத்துப் போட்டேன். தலைவர் வாக்காயிற்றே.

வாசலில் ரோசால்வா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போன்ல சொன்ன மாதிரியே கேட்டேன்மா," என்றாள்.

நான் திரும்பினேன். "என்ன சொன்ன?"

"குறை என்னன்னு கேக்காதே, யார் சரி பண்ணாங்கன்னு கேளுன்னேன்," என்றாள் லூரீன். "தப்பா சொன்னேனா? நீங்க செஞ்சதைத்தானே கேக்கச் சொன்னேன். எனக்கும் பெருமையாத்தாங்க இருந்துச்சு."

அது பொய்யில்லை. முகத்திலேயே தெரிந்தது. கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு ஆறுதல் தேடினேன்.

"ராக்போர்ட்ல தண்ணீர் வாரியம் உண்டா லூரீன்?"

"இல்லாமலா."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. "தலைவர் நாற்காலி காலியா இருக்குமா?"

"அதுல நாடின் உக்காந்திருக்காளே. ஞாயித்துக்கிழமை நமக்கு அறிவிப்பு வாசிக்கிறாளாம். நீங்க குறுக்கே பேசாம கேக்கணுமாம்."