ஆஜர் அண்ணன் இணையத்தில் சேர்ந்த கதை

மதுரையில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் இரண்டு பேர் தவறாமல் வந்துவிடுவார்கள். ஒருவர் பந்தல்காரர். இன்னொருவர் எங்கள் ஆஜர் அண்ணன். பந்தல்காரருக்காவது யாராவது சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் கப்பலூரில் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஆஜர்தான். நான் கணக்குப் பிரிவு, அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடினால், வேன் டிரைவருடைய கொழுந்தியாளின் வளைகாப்பில் இருப்பார். முதலாளிக்கும் அவர் சம்பந்திக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில், அந்தச் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு முதலாளிக்கு அழைப்பே வரவில்லை. ஆஜர் அண்ணன் முதல் பந்தியில் இருந்தார். மறுநாள் முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, என்னென்ன பலகாரம் போட்டார்கள் என்று விசாரித்ததாகக் கேள்வி.

அந்த முதலாளிதான் ஒரு நாள் எங்களை எல்லாம் உட்காரவைத்து, கம்பெனியை மூடப்போவதாகச் சொன்னார். அவருக்குக் குரலே வரவில்லை. ஆஜர் அண்ணன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். போனது தன்னுடைய வேலை என்பது அவருக்கு மறுநாள்தான் உறைத்தது.

ஐம்பதைத் தாண்டிய ஆள். மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவர் சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

வேலை தேடுகிறவர்களும் வேலை தருகிறவர்களும் கோட்டு போட்ட படத்தோடு கூடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எல்லோரும் கணக்குத் திறந்துகொள்ளுங்கள் என்று ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள். அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. எதையாவது பெருமிதத்தோடு அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். நானும் திறந்தேன். என்னைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "இது யாருங்க?" என்று கேட்டாள்.

ஆஜர் அண்ணனுக்கும் நான்தான் திறந்து கொடுத்தேன். படத்திலேயே சிக்கல். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. போனில் இருந்ததெல்லாம் மணமக்களோடும் மாமன்மாரோடும் கும்பலாக நின்றவை. கடைசியில் ஒரு காதுகுத்துப் படத்திலிருந்து அவரை வெட்டியெடுத்தோம். அந்தப் பிள்ளையின் கொலுசுக் காலை மட்டும் எப்படி வெட்டியும் அவர் தோளிலிருந்து எடுக்க முடியவில்லை. பெயருக்குக் கீழே உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றேன். 'எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவேன்' என்று போடச் சொன்னார். குழாய் ரிப்பேர்காரர் என்று நினைத்துவிடுவார்கள் என்று மன்றாடி அதை மாற்றினேன். திறமைகளைக் கேட்டதற்கு, அதைத் தானே சொல்லிக்கொண்டால் நன்றாகவா இருக்கும், கூட இருந்தவன் நீ சொல் என்றுவிட்டார்.

அடுத்தது, முன்பின் தெரியாதவர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் படலம். அவருக்கு அது பிடிபடவே இல்லை.

"இவுக யாரு மாப்ள?"

"தெரியாதவங்கதான்ணே. தொடர்புல வச்சிக்கிட்டா பின்னாடி உதவும்."

"எந்த ஊரு என்னன்னு கேக்காம எப்பிடிப்பா வச்சிக்கிறது?"

கேட்டார். ஒருவர் விடாமல் எல்லோரையும் கேட்டார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சாப்பிட்டாயிற்றா என்று இந்தியாவிலுள்ள பெரிய பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் செய்தி போனது. புனேயில் ஒரு கம்பெனியின் இயக்குநர். அவருக்கு நான் மிக நாகரிகமான ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதி ஒரு பதிலும் வரவில்லை. ஆஜர் அண்ணனுக்கு அன்று மாலையே பதில் வந்தது. சொந்த ஊர் திருமங்கலம், அத்தை மட்டும் அங்கே தனியாக இருக்கிறார் என்று. அந்த வாரமே நம்மவர் அத்தை வீட்டுக்குப் போய், அத்தையோடு நின்று படம் எடுத்து புனேக்கு அனுப்பிவிட்டார். சரி, அப்படியே வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். அத்தையைப் பார்க்கப் போன இடத்தில் அதையா கேட்பது என்று என்னையே முறைத்தார்.

இன்னார் இன்ன கம்பெனியில் சேர்ந்து இத்தனை வருடம் ஆகிறது, வாழ்த்துங்கள் என்று அந்தத் தளம் அவ்வப்போது சொல்லும். நாமெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆஜர் அண்ணன் அப்படி ஒரு பையனை வாழ்த்தத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு இலந்தைக்குளத்து ஐ.டி. பார்க்குக்குப் போய்விட்டார். வாசல் செக்யூரிட்டி தேங்காயை ஸ்கேனர் மிஷினில் போட்டுப் பார்த்தாராம். மேலேயிருந்து இறங்கி வந்த பையன், பாவம், அன்று ராஜினாமா கொடுத்திருந்தான்.

இதற்குள் எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைத்தபாடில்லை. எப்படிக் கிடைக்கும்? ஒருவரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "கேதம் மாப்ள. ஞானஒளிவுபுரத்துல. கெளம்பி நில்லு, வாரேன்." எங்கள் பக்கம் சாவைக் கேதம் என்போம். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வண்டியில் ஏறினேன். இறங்கிய வீட்டில் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. மாதாகோவில் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு டீச்சரம்மா கதவைத் திறந்தார். ஆஜர் அண்ணன் அவரைக் கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். யார் செத்தது என்று எனக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

டீச்சரின் மகள் வெளியே வந்தாள். பெயர் ஜெனிபர். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள். அந்த வாரம் அவளையே வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். அதை அந்தத் தளத்தில் எழுதியிருந்தாள். ஆஜர் அண்ணன் படித்துவிட்டார்.

"எப்பிடிம்மா ஆச்சு?" என்றார், கேத வீட்டில் கேட்கிற அதே தணிந்த குரலில்.

"திடீர்னுதான் அங்கிள்."

"முந்துன நாள்கூட நல்லாத்தான இருந்துச்சு?"

"ஆமா அங்கிள். முந்தின நாள்கூட மீட்டிங் நடந்துச்சு."

"ஒரு அறிகுறியும் தெரியலையா?"

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் மாறி, அம்மா தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். வேலை போனதிலிருந்து அவள் அழவே இல்லை, அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று டீச்சர் எங்களிடம் சொன்னார். காபி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, ஆஜர் அண்ணன் எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தார். போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கேத வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதே. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அசடு வழிந்துவிட்டு வந்தேன்.

நாளாக ஆக அவர் வீட்டில் நிலைமை இறுகியது. அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறாரு தம்பி, வேலைக்கு மட்டுந்தேன் போகல. பயலுக்கு அடுத்த வருசம் காலேஜ் உண்டா இல்லையான்னு தெரியல. இந்த மனுசன் யார்கிட்டயும் கேக்க மாட்டாரு. நீயாவது நாலு பேருக்குச் சொல்லு." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

உங்களுக்கு வேலை இல்லை என்று அந்தத் தளத்தில் எழுதட்டுமா என்று ஆஜர் அண்ணனிடம் கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். உடனே சம்மதித்துவிட்டார். கேதத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே போய்ச் சொல்வதில்லை, இன்னொருவர்தான் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை என்றார். அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்தில் அவர் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. அவர் வீட்டு வாசலில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. தண்ணீர்க் கேன் வைத்திருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆஜர் அண்ணன் துண்டோடு உட்கார்ந்திருந்தார், வருகிறவர்களுக்காக.

வந்தது ஒரே ஒருவர். அந்த வழியாகப் போன யாரோ ஒரு பெரியவர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்ப எடுக்கிறாக?" என்று மெதுவாகக் கேட்டார். இங்கே யாரும் சாகவில்லை ஐயா என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் டீ வரும் என்று உட்கார்ந்துகொண்டார்.

என் போனிலோ அனுதாபம் குவிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.

"வாரேன்னு போட்ருக்காரா?"

"இல்லண்ணே. மனசு சங்கடமா இருக்குன்னு போட்டிருக்கார்."

"அடுத்தவரு?"

"கட்டைவிரல் போட்டிருக்கார்."

"கட்டவெரலா?" என்று கேட்டுவிட்டுத் தெருமுனையைப் பார்த்தார். வெயில் ஏறியது. டீயும் வந்து, பெரியவரும் போய்விட்டார். ஆஜர் அண்ணனுக்குத் தெரியாமல் தெருக்கோடிக்குப் போய் பழைய கம்பெனி ஆட்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அத்தனை வீட்டுக்கும் நடந்த மனிதர் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கலாம் என்று எழுந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஜெனிபரும் டீச்சரும் இறங்கினார்கள். கும்பிட்டுவிட்டு, முறைப்படி தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள்.

"எப்படி அங்கிள் ஆச்சு?" என்றாள் ஜெனிபர். அவர் எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, ராத்திரி தூக்கம் வராதது வரைக்கும். சொல்லி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஜெனிபர், தான் இப்போது வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், திருவாதவூர் போகும் வழியில் அவர்களுடைய புது குடோனுக்குப் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும் என்றும் ஆரம்பித்தாள். ஆஜர் அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"கேதத்துக்கு வந்த எடத்துல நல்ல காரியம் பேசக் கூடாதும்மா. பதினாறு கழியட்டும். பெறகு பேசுவோம்."

நாளைக்கே ஆளைக் காட்ட வேண்டும், வேறு இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். டீச்சர் எடுத்துச் சொன்னார். நான் காலில் விழாத குறை. முறை என்று ஒன்று இருக்கிறது என்று அவர் அசையவில்லை.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி அக்கா இடுப்பில் நிறைகுடத்தோடு வெளியே வந்தார். நேராகப் புருஷன் பின்னால் போய் நின்று, குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். வெள்ளைச் சட்டை, துண்டு, நாற்காலி எல்லாம் தொப்பல்.

"தல முழுகியாச்சு. பதினாறு முடிஞ்சுச்சு. இப்பப் பேசுங்க."

ஆஜர் அண்ணன் கொஞ்ச நேரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். யோசித்துப் பார்த்ததில் முறை ஒன்றும் மீறப்படவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, "சொல்லும்மா, எப்ப வரணும்?" என்றார்.

மறுநாள் போய்ப் பேசினார். வேலை கிடைத்துவிட்டது. சேருகிற அன்று காலையில் அவர் வண்டி மக்கர் பண்ண, நான்தான் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டிருந்தது. இருந்தும் கிளம்ப மனம் வரவில்லை. குடோனுக்குள் அவர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போவதை வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வாட்ச்மேன் வந்து, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பழைய கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கூடப் பொறந்த அண்ணன்" என்று வந்தது.