சாம்பிராணி குடித்த மிஷின்

பயந்த சுபாவக்காரனிடம் வேலையைக் கொடுத்தால் கவனமாகச் செய்வான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கவனமாகச் செய்ததால்தான் இவ்வளவும் வந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையில் பேனாவோடு யார் வந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன். எங்கள் ஊருக்கு மேற்கே பொத்தை என்கிற கல்குன்றின் அடியில் கல்குவாரி வரப்போகிறது என்று பேச்சு. அதற்கு முன்னால் அங்கே காற்று எப்படி இருக்கிறது, என்னென்ன செடி கொடி நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள். (பெயர் சொன்னார்கள், பதற்றத்தில் காதில் விழவில்லை. எனக்கு இன்றுவரை அவர்கள் காத்து சாரும் செடி மேடமும்தான்.) காவலுக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும் ஊரே என்னை முன்னால் தள்ளிவிட்டது.

கிளம்பும்போது என் மனைவி பேச்சியம்மாள் சொல்லி அனுப்பினாள்: "இந்தாங்க, நம்ம ஏழு ஆடும் அங்கனதான் மேயுது. உள்ளதை உள்ளபடி எழுதுதாங்களான்னு பாத்துக்கிடுங்க. வெறும் பொட்டல்னு எழுதிட்டுப் போனா குவாரிக்காரன் நாளைக்கே வந்து நிப்பான்."

காத்து சார் அங்கிருந்த கிணற்று மோட்டார் ரூம் மாடியில் ஒரு மிஷினை வைத்தார். அது காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் தூசி படியும். மறுநாள் தாளை எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். செடி மேடம் கீழே நாலு இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டிக் கட்டம் போட்டார். சாயங்காலம் கிளம்பும்போது, "அண்ணே, நாளைக்குக் காலையில இந்த நாலு கட்டமும்தான் முக்கியம். பாத்துக்கோங்க" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வது? கேட்கப் பயம். நேரே மச்சானிடம் போனேன். (கொத்தனார். எனக்குத் தெரிந்தவர்களில் முளையும் கயிறும் படித்த ஒரே அறிஞர்.)

"என்ன மாப்ளே, இது தெரியாதாவே? நாலு மூலைக்கு முளை அடிச்சுக் கயிறு கட்டினா வானம் தோண்டப் போறாங்க. காலைல பூஜை இருக்கும்."

வானம் என்றால் அஸ்திவாரக் குழி. "குவாரிக்கு எதுக்கு மச்சான் வானம்?"

"ஆபீஸ் ரூம் கட்ட வேண்டாமாவே?"

பூஜை போடுகிற இடம் புல்லும் முள்ளுமாகக் கிடந்தால் காவல்காரனைத்தானே கேட்பார்கள்? ஆடுகளும் நினைவுக்கு வந்தன. ஆனால் பயம் அவற்றை முந்திக்கொண்டது.

விடிந்ததும் போய் நாலு கட்டத்துக்குள்ளும் ஒரு புல் விடாமல் பிடுங்கினேன். குழந்தைக்கு முடியிறக்கியது போல மழுமழுவென்று ஆக்கி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டேன். (நண்டு நடந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் கோலம்.) பிடுங்கியதைக் கட்டாகக் கட்டி வீட்டில் ஆடுகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் மாடியில் மிஷின் கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய மிஷினுக்கு ஒரு பொட்டுகூட இல்லை! சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து, தூபக்காலில் சாம்பிராணி போட்டு மூன்று சுற்றுக் காட்டினேன். புகை மேலே போகவில்லை. ஒரு இழை மிச்சமில்லாமல் மிஷினுக்குள் போனது. சாமியே ஏற்றுக்கொண்டதென்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு கட்டி போட்டேன்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். காத்து சார் தாளை எடுத்தார். அடுப்பங்கரைக் கரித்துணி போல இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது? வண்ணார்பேட்டை ரோட்டுல நாள் பூரா வச்சாலும் இப்படிக் கறுக்காது. வாசனை வேற வருது!"

கீழே செடி மேடம் கட்டங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணே, இதுக்குள்ள இருந்த செடியெல்லாம் எங்க? அதைத்தானே எண்ணணும்?" என்றவர், நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செடி இல்லை. காற்று ஏற்கெனவே கெட்டது. குவாரிக்காரன் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் எவனும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்து கொடுத்திருக்க மாட்டான்.

"மேடம், இல்லைன்னு எழுதிராதீங்க! இருந்துச்சு! நான்தான் புடுங்குனேன், பொகையும் நான்தான் போட்டேன். செடியெல்லாம் ஆட்டுக்கு முன்னால கெடக்கு. இந்தா வாரேன்!"

மொபெட்டை உதைத்து வீட்டுக்குப் பறந்தேன். ஆடுகள் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, பேச்சியம்மாள் ஓடிவந்தாள்.

"கூறு கெட்டுப் போச்சா? ஆடு திங்குததைப் போயி புடுங்குதீங்க?"

"எண்ணணும்டி!"

"ஆட்டையா?"

"புல்லை!"

விஷயத்தைச் சொன்னேன். பெரிய கெடாவின் தாடையைப் பிடித்துத் திறந்து, பாதி மென்ற கொழுக்கட்டைப்புல்லை மீட்டு என் கையில் வைத்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காய்ச்சல் வரும்.

எச்சில் சொட்டும் கட்டோடு போய் நின்ற என்னைப் பார்த்து மேடம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதை எண்ண முடியாதுண்ணே. தள்ளி வேற கட்டம் போடுவோம். நீங்க மட்டும் கிட்ட வராதீங்க." காத்து சார் புதுத் தாள் மாட்டினார். கறுத்ததை என்னிடம் நீட்டி, "இது எங்களுக்கு ஆகாது. உங்க காத்து, நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

பிறகு அவர்கள் எழுதிய அறிக்கை வந்தது. செடிப் பட்டியலை என் மகள் வாசித்தாள், கொழுக்கட்டைப்புல்லும் இருந்தது. அந்த இடத்தை மட்டும் பேச்சியம்மாள் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். குவாரி வருமா வராதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆடுகள் அங்கனதான் மேய்கின்றன.

கறுத்த தாள் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மகள் அதை எடுத்து முகரக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை தூபக்காலைத் தூக்குமுன் பேச்சியம்மாள், "பக்கத்துல மிஷின் ஒண்ணும் இல்லையே?" என்று என்னைக் கேட்காமல் பற்றவைப்பதில்லை. மச்சானோ, எந்த ஊரில் கயிறு கட்டினாலும் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்:

"மாப்ளே, இது நெசமாவே வானம்தான். இருந்தாலும் நீரு இந்தப் பக்கம் வந்துராதேயும்!"