பிரிண்டர் வரிசையில் முதல் இடம்

கடலோரமும் இல்லாமல் மலையடிவாரமும் இல்லாமல் நடுவில் கிடந்த அந்த நாட்டுக்குப் பெயர் நடுவாந்தரம். அதை அரசர் ஆள்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் நடத்தியது ஒரு சர்வர். பெரிய கம்பெனிகளில் இருப்பதுபோல அறை அறையாக நிறைந்ததும் அல்ல, மளிகைக்கடைக் கம்ப்யூட்டர்போலச் சிறியதும் அல்ல, நடுத்தரம். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அதன் தரவுத்தளத்தில் இருந்தது. அரண்மனைப் பிரிண்டரில் உத்தரவு அச்சாகி வந்தால்தான் மதகு திறக்கும்.

அங்கே ஒரு மரபும் உண்டு. எந்த வரிசையிலும் அரசருக்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது. பந்தியானாலும் சரி, பிரிண்டரானாலும் சரி.

அரசர் அதிரதவர்மர் தம் பிறந்தநாளுக்கு ஒரு படம் அச்சிட அனுப்பினார். யானைமேல் அவர், யானைக்குப் பின்னால் சூரியன், சூரியனுக்குள்ளும் அவர். அவ்வளவு பெரிய படத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பிரிண்டர் நின்றுவிட்டது. பின்னால் மதகு உத்தரவுகள் அத்தனையும் மாட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்று, சிட்டம்மாவும் அவள் நாத்தனார் ராசாத்தியும் சேர்ந்து பயிரிட்ட வயலுக்கானது. கதிர் பிடிக்கிற நேரம். தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் வைக்கோல்தான்.

சிட்டம்மா அரண்மனைக்கே வந்து நின்றாள். அப்போது தகவல் அமைச்சர் நீலமேகனார், அண்டை நாட்டு உதவி மையத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"வரிசையில முதல்ல நிக்கிறதை கேன்சல் பண்ணுங்க ஐயா, மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்றார் உதவி மையத்து அருள்தாஸ்.

"முதலில் நிற்பவர் மாமன்னர்."

"படம்தானேங்க?"

"மன்னரை ரத்து செய்வது ராஜத்துரோகம். வேறு உபாயம் கூறும்."

"அவ்வளவுதாங்க உபாயம்" என்றார் அருள்தாஸ்.

அமைச்சரவை கூடியது. பிரிண்டர் நிற்கவில்லை, யோசிக்கிறது என்று சட்டம் வந்தது. மாற்றிச் சொன்னால் சிறை. அதன் யோசனை கலையாதிருக்கக் கிராமங்களின் நெட்வொர்க் கேபிள்களையும் பிடுங்கினார்கள். புகார் அனுப்பவும் வழியில்லை. அப்படியும் சிட்டம்மா மீண்டும் நேரில் வந்து கேட்டாள். அமைச்சர் முகம் மலர்ந்தார்.

"தரவுத்தளத்தில் எல்லா வயலுக்கும் நீர் பாய்ந்துவிட்டதாக மாற்றிவிட்டோம். இனி நாட்டில் வறட்சியே இல்லை!"

"எங்க வயக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு சாமி!"

"நீர் பெற்றவர் மறுபடி கேட்பது குற்றம் அம்மா."

எழுதுகிற எனக்கே ரத்தம் கொதிக்கிறது. சிட்டம்மாவுக்குக் கொதிக்காதா? நடுவாந்தரத்தில் அரசரைத் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள். எதிர்த்து நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. அந்த வாரமே வந்த தேர்தலில் அவள் நின்றாள். வாக்குறுதி ஒன்றே ஒன்று: "முதல்ல நிக்கிறதைத் தூக்கிருவேன்!"

அடேயப்பா, அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆடு மேய்த்தவர்கள் ஆட்டோடு வந்து கை தூக்கினார்கள். சிட்டம்மா ஜெயித்தாள். தப்பு மேளம் முழங்க அவளைத் தோளில் தூக்கிவந்து சர்வர் அறையில் இறக்கினார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். யானை, சூரியன், அரசர் எல்லாம் போயே போயின. பிரிண்டர் கடகடவென்று உயிர்பெற்றது! உத்தரவு வந்துவிடும் என்று ராசாத்தி மண்வெட்டியோடு மதகுக்கு ஓடினாள்.

நீலமேகனார் இருமினார். "மகாராணி, மக்கள் தங்கள் திருமுகம் காண ஏங்குகிறார்கள். நன்றி சொல்ல ஒரே ஒரு படம்."

வெளியே அவள் பெயரைச் சொல்லிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. சிட்டம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"சின்னப் படந்தானே?"

"தாங்கள் நடுவில், நாடு முழுதும் சுற்றிலும்."

"சரி, ஒண்ணே ஒண்ணு. தண்ணி உத்தரவு பின்னாடியே வரட்டும்."

பிரிண்டர் முனகியது. நின்றது.

மதகடியில் காத்துக் காத்துச் சலித்த ராசாத்தி அரண்மனைக்குத் திரும்பி, உதவி மையத்துக்குத் தானே போன் போட்டாள்.

"ஐயா, நடுவாந்தரத்துலேர்ந்து பேசுறேன். எங்க பிரிண்டர்..."

"இப்ப யாரு படம்மா?" என்றார் அருள்தாஸ்.

ராசாத்தி வாய் திறந்தாள். நீலமேகனார் கதவருகே வந்து நின்று அவளையே பார்த்தார்.

"பிரிண்டர் நிக்கலீங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "யோசிக்குது."