ஏறுங்க நானா

இலங்கையில் உள்ள அத்தனை பஸ்களும் ஒரே நாளில் நின்றுபோனாலும் கலஹாப் பக்கத்தில் ஒருவர்கூட நடக்க வேண்டி வராது. அங்கே ஏறுங்க நானா இருக்கிறார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் வழக்கம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பச்சை த்ரீவீல் ஒன்று ஓட்டுகிறார். மனிதர் யாராவது நடப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வண்டியை ஓரம் கட்டி, "ஏறுங்க" என்பார். காலையில் உடம்பு இளைக்க ஓடப் போன தோட்டத்து டாக்டரை வழியிலேயே ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டதாக ஒரு கதை உண்டு. டாக்டர் இன்னும் இளைக்கவில்லை.

இவரிடம் நான் மாட்டிக்கொண்டது போன வருடம். கண்டி மஹய்யாவக்காரனான நான் அங்கேயே ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். எதையும் பாதியில் விடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கிட்டார் வகுப்பு மூன்று வாரம். நீச்சல், காதுக்குள் தண்ணீர் போன நாளோடு சரி. ஒஃபிஸில் எனக்கு வைத்த பெயரே 'அரைவாசி'.

ஐம்பது வயதானதும் ரோஷம் வந்தது. ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளூடாக, எந்த வாகனத்திலும் ஏறாமல் நுவரெலியா வரை நடப்பேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் மனைவி மல்லிகா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"போயிட்டு வாங்க. ராத்திரிக்கு உங்களுக்கும் சேர்த்தே சோறு வடிச்சு வைக்கிறேன்" என்றாள்.

முதல் நாள் வழியெல்லாம் உபசாரம். கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் அட்டை கடிக்காமலிருக்க உப்புப் பொட்டலம் கொடுத்தார். தோட்டத்து லய வீடு ஒன்றில் ரொட்டியும் சம்பலும் கொடுத்துப் படுக்கப் பாயும் விரித்தார்கள். இந்த உதவிகளில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து இரண்டாம் நாள் காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது.

"ஏறுங்க."

"வேணாம் நானா, நடந்தே போறேன்."

"எங்க?"

"நுவரெலியாவுக்கு."

அவர் பிரேக் பிடித்தார். "பொஞ்சாதியோட சண்டையா?"

"இல்ல."

"பொலிஸ் தேடுதா?"

"இல்ல நானா."

"அப்ப ஏறுங்க!"

நான் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் புகுந்து தப்பினேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பாதை தோட்டத்து ரோட்டில் ஏறிய இடத்தில், கையில் பிளேன்டீயோடு நின்றிருந்தார். "குடிச்சிட்டு ஏறுங்க. இனி இறக்கம்தானே, அது நடையில சேராது." மறுபடி தப்பினேன். அடுத்த திருப்பத்திலும் அதே பச்சை வண்டி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நேர்த்திக்கடன் நானா! ஏறக் கூடாது!"

அவர் இன்ஜினை நிறுத்தினார். முகமே மாறிவிட்டது. "நிய்யத் வெச்சா நடக்கிறீங்க? அத முதல்லயே செல்ல வேணாமா? எந்தக் கோயிலுக்கு?"

நான் மலைப்பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினேன்.

அதன் பிறகு என் நேர்த்திக்கு அவரே காவல். பால் லொறி ஒன்று எனக்காக நின்றபோது, "ஏத்தாதீங்க! நேர்த்தி!" என்று கத்தித் துரத்தினார். நிறுத்தி வைத்திருந்த டிராக்டரில் கொஞ்சம் சாய்ந்ததற்குக்கூட ஏச்சு விழுந்தது.

பின்னேரம் மழை கொட்டியது. வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. மல்லிகா வடித்து வைக்கும் சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"முடியல நானா. என்னை ஏத்திக்கிட்டுப் போய் கண்டி பஸ்ல விட்டுருங்க."

"ஏற வேணாம்" என்றார் ஏறுங்க நானா.

நான் காதைத் துடைத்துக்கொண்டேன். ஊரையே ஏற்றிய மனிதர், நடக்க முடியாத ஒரே ஆளை ஏற்ற மறுக்கிறார்! மழையில் நனைந்தபடி தாடியைச் சொறிந்து யோசித்தார். பிறகு பள்ளத்தில் கிடந்த பெரிய கல் ஒன்றைத் தூக்கி வந்து, என் இடது கால் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப ஏறுங்க. கண்டிக்கில்ல, எண்ட வீட்டுக்கு. கால் சரியானதும் இந்தக் கல்லடியிலயே எறக்குவேன். விட்ட எடத்தில இருந்து நடந்தா நேர்த்தி முறியாது."

இரண்டு நாள் அவர் வீட்டில் கிடந்தேன். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிட்ட அவர் மனைவி எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டி, இடியப்பமும் கோழிக்கறியும் ஓயாமல் பரிமாறினார். நானா காலையும் மாலையும் போய்க் கல் இருக்கிறதா என்று பார்த்து வந்தார்.

மூன்றாம் நாள் என்னை அங்கே கூட்டிப்போனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லில் மஞ்சள், குங்குமம், தலையில் ஒரு செவ்வந்திப் பூ. யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நானா இது நேர்த்திக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் சும்மா விடுவார்களா?

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. "நானா, நான் பொய் சொல்லிட்டேன். எந்தக் கோயிலும் இல்ல. எதையும் பாதியில விடுறவன்னு வீட்டுல பேரு. அதுக்காகத்தான் நடந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"கோயில் இல்லையெண்டு யார் செல்ற? இந்தா ஈக்குதே. எடது கால வைங்க. கொஞ்சம் பின்னால. இன்னும் அரை அடி. கள்ளம் பண்ண வேணாம்."

வைத்தேன். அங்கிருந்து நொண்டி நொண்டி நுவரெலியா போய்ச் சேர்ந்தேன். போனில் மல்லிகாவிடம் சொன்னேன். "வர்றப்பவாச்சும் பஸ்ல வாங்க" என்றாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை கலஹாவுக்குப் போகிறேன். இரண்டு ஹோல்ட் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி, மெதுவாக நடப்பேன். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்கும். மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொள்வேன்.