புள்ளிக்குப் பின்னால் இளவரசி

என் மனைவி இளவரசி ஒரு தடவையாவது என்னிடம் அனுமதி கேட்க வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் எடுத்த ஒரே சபதம் இது. பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையின் இறாலில் அவள் செய்யும் 'இளவரசி தொக்கு' சிங்கப்பூர் வரை போகிறது. நான் சிதம்பரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கொளஞ்சியப்பன் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தொக்கு வீட்டுக்காரர் என்றால் தெரியும்.

வழி காட்டியவர் கம்ப்யூட்டர் சென்டர் செம்பியன். இணைய முகவரியில் புள்ளிக்குப் பின்னால் 'காம்' மட்டும்தான் வரும் என்று நம்பியிருந்த என் பக்கம் திரையைத் திருப்பினார். டாட் ஷாப், டாட் கிச்சன், டாட் ஃபேமிலி. மீன்பிடிப்பவர்களுக்கு டாட் ஃபிஷிங். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நாமளே புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமா? டாட் கொளஞ்சியப்பன்னு?"

"தாராளமா, மச்சான். விண்ணப்பம் போடவே கிட்டத்தட்ட ரெண்டு கோடி ஆவும்."

என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தபடி கேட்கிற தொகையா அது?

ஏற்கெனவே இருப்பதில் பெயர் பிடிப்பது மலிவாம். முதல் வருஷம் தொண்ணூற்றொன்பது ரூபாய், அப்புறம் வருஷா வருஷம் மூவாயிரத்துக்கு மேல். முந்தியவருக்கே பெயர் சொந்தம். பரங்கிப்பேட்டையில் யாராவது பிடித்துவிட்டால் இளவரசியே போய்க் கெஞ்ச வேண்டும் என்றார் செம்பியன். அந்த யாராவது ஏன் நானாக இருக்கக் கூடாது? இளவரசி தொக்குக்குப் பின்னால் ஏழு விதமாகப் புள்ளி வைத்து ஏழு பெயர்கள் வாங்கினேன்.

ஒரு சிக்கல். என் பேங்க் கணக்கில் இருப்பது அவள் போன் நம்பர். ஓடிபி அவளுக்குத்தான் போகும். செம்பியனும் பெயர் வாங்கத் திறந்த கணக்கு உட்பட எல்லா இடத்திலும் அதே நம்பரைத் தட்டினார். முதல் ஓடிபிக்குக் கரண்ட் பில் என்றேன். இரண்டாவதற்கு வீட்டு வரி. மூன்றாவதற்குப் பிறகு எனக்குக் காரணம் தீர்ந்துபோயிற்று. அவளோ எதுவும் கேட்காமல் ஏழு தடவையும் நம்பரைச் சொன்னாள். இவ்வளவு வெள்ளை மனசா என்று எனக்கே பாவமாக இருந்தது.

மறுவாரம் சாப்பாட்டின்போது, வெப்சைட் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாள். சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தேன்.

"ஒம்பேரு எங்கிட்ட இருக்கு. முறையா கேட்டா யோசிப்பேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். 'இளவரசி தொக்கு டாட் கிச்சன்' ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் பதினோரு ஆர்டர்.

"எந்தக் கம்பெனிக்கு எவ்ளோன்னு ஓடிபி மெசேஜ்லயே இருக்கும், மாமா. படிச்சிட்டுத்தான் நம்பர் சொன்னேன்."

"அப்ப ஏன் தடுக்கல?"

"நான் வாங்கணும்னு இருந்தத நீங்க வாங்குறீங்க. எதுக்குத் தடுக்கணும்? என் நம்பர்தானே, பாஸ்வேர்ட மாத்திட்டேன். ஏழும் இப்ப எம்பேர்ல இருக்கு."

ஏழு பெயரையும் எச்சில் கை படாமல் எடுத்துக்கொண்டவளை நான் பிரமிப்போடு பார்த்தேன். அடுத்த வருஷத்து மூவாயிரங்கள் அப்புறம்தான் ஞாபகம் வந்தன.

"அப்ப பணம்?"

"அது வருஷா வருஷம் ஒங்க கணக்குலேர்ந்து தானா போயிடும்."

"அதையாவது நிறுத்திடலாமே?"

"நிறுத்தறதுக்கு ஓடிபி வேணும், மாமா. முறையா கேளுங்க, யோசிக்கிறேன்."