தட்டினால் ஒளிராத விளக்கு

இருபது வருஷங்களாகக் கடைத்தெருவில் காணாமல் போயிருந்த ஒரு பொருள் அந்த ஆண்டு திரும்பி வந்தது. மின்னணுப் பெட்டி என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு பச்சைத் தகடு, மிளகு அளவில் சில உருண்டைகள், கம்பிச் சுருள், நகத்தளவு விளக்கு, பேட்டரிக் கூடு, எட்டாக மடித்த செய்முறைக் காகிதம். வாங்குகிறவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். இணைத்தால் விளக்கு எரியும், அல்லது மணி அடிக்கும், அல்லது ரேடியோ கரகரக்கும். எந்தப் பெட்டி வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

மக்கள் தங்கள் கைகளை மறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கவலைப்பட்டு எழுதின. அந்தக் கைகளை நினைவூட்டும் பொறுப்பு மூலைக் கடைக்காரம்மாவிடம் வந்து சேர்ந்தது. நோட்டுப் புத்தகம், பசை, ஊசி, பரிசுத்தாள், சணல் கயிறு விற்கிற கடை அவளுடையது. கம்பெனி ஆள் வந்து, பசைக்கும் பரிசுத்தாளுக்கும் நடுவே பன்னிரண்டு பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போனான். 'தட்டினால் ஒளிரும் விளக்கு' என்று மேலே எழுதியிருந்தது. கதவில் பொருத்திவிட்டால், வெளியே யாராவது தட்டும்போது உள்ளே விளக்கு மினுங்கும்.

முதல் பெட்டியை வாங்கியவள் அவளுடைய நாத்தனார்.

"அண்ணி, எனக்கொண்ணு எடுங்க."

"உனக்கு இதைச் செய்யத் தெரியுமா?"

"செய்யறதுக்கா? ஹால்ல மீன்தொட்டி பக்கத்துல ஒரு இடம் வெறிச்சுனு கிடக்கு. எதிர்வீட்டுல வெச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாம் அதைத்தான் பாக்கறாங்க, மூஞ்சியைக்கூடப் பாக்கறதில்லை."

"பிரிக்கவே மாட்டியா?"

"பிரிச்சா அப்புறம் அது என்ன அண்ணி, வெறும் விளக்கு."

மூன்று நாளில் பன்னிரண்டும் போயின. அடுத்து வந்த இருபதும் போயின. பல் டாக்டர் 'நம் கை மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரானார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் அவரவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். காதருகில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்கள். 'இம்மாதம் பதினான்கு பெட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சேதம் ஏதுமில்லை' என்று செயலாளர் அறிக்கை வாசித்தார். பிரித்தவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. பிரிக்கப்போவதைப் பற்றிப் பேசாதவரும் ஒருவர் இல்லை.

கடைக்காரம்மா மட்டும் ஒரு பெட்டியைப் பிரித்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

அவள் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். ஓய்வு பெற்றபோது ஆலை அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்து, இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டது. அவள் கடைக்குப் போனபின், இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் அவர் தனியாக இருப்பார். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குமாஸ்தா வந்து, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார். ஆயுள் குமாஸ்தா என்று ஊரில் அவருக்குப் பெயர். எந்த நாள் வருவார் என்று சொல்ல மாட்டார்கள். முன்கூட்டியே சொன்னால் இறந்தவர்கள் தயாராகிவிடுகிறார்கள் என்பது அலுவலகத்தின் நெடுநாள் அனுபவம். மூன்று முறை தட்டியும் கதவைத் திறக்காதவர் காலமானவராகக் கருதப்படுவார்.

போன வருஷம் குமாஸ்தா மூன்று முறை தட்டியபோது, வீட்டுக்காரர் கதவுக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்திலிருந்து ஐந்து மாதம் அவர் காலமாகியிருந்தார். நேரில் போய் நின்றார். "நீங்க சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாதுங்க. சம்பந்தப்பட்டவரே சாட்சி சொல்லக் கூடாது" என்று அலுவலகத்தில் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். முதல் மாதம் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் மாதம் சிரிப்பதை நிறுத்தினார். ஐந்தாம் மாதம், சாப்பிட உட்காரும்போது, "எனக்குக் கொஞ்சமாப் போடு" என்று மட்டும் சொன்னார்.

ஒருவழியாக அவரை உயிர்ப்பித்து உத்தரவு வந்தது. அடியில் ஒரு குறிப்பு: 'மேற்படி நபர் இரண்டாம் முறை காலமாகும் பட்சத்தில் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.'

ஆகவே கடைக்காரம்மா மூன்று மத்தியானங்கள், நோட்டுக்கும் பசைக்கும் ஆள் வராத நேரம் பார்த்து, செய்முறைக் காகிதத்தை முழங்காலில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈயம் பற்றவைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாள். முதலில் விளக்கு தட்டாமலே எரிந்தது. பிறகு தட்டினாலும் எரியவில்லை. மூன்றாம் நாள், தட்டியபோது மட்டும் எரிந்தது.

கதவில் பொருத்திய காலையில் அவர் வெளியே போய்த் தானே தட்டிவிட்டு, விளக்கைப் பார்க்க உள்ளே ஓடினார். அதற்குள் அது அணைந்துவிட்டது. இரண்டு தடவை ஓடி மூச்சு வாங்கியபின், அவர் உள்ளே உட்கார்ந்துகொண்டார். அவள் வெளியே நின்று தட்டினாள்.

"வாங்க! வாங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார். அவள் இன்னொரு தரம் தட்டினாள். மறுபடியும் "வாங்க!" கடை திறக்க அன்று அரைமணி தாமதமாயிற்று.

பத்தாவது நாள், சிறுகருவிகள் தகுதி ஆய்வகத்தின் பரிசோதகர் கடைக்கு வந்தார். ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விளக்காம்மா?"

"பெட்டி சார். சேர்த்தா விளக்கு."

"விளக்குன்னா தகுதிச் சான்று வேணும். விளக்கு இல்லைன்னா விளக்குன்னு அச்சடிச்சது குத்தம். ரெண்டுல எது?"

"நீங்களே சோதிச்சுப் பாத்துச் சொல்லுங்க சார்."

ஒரு பெட்டி ஆய்வகத்துக்குப் போயிற்று. ஒரு பொருள் எந்த நிலையில் விற்கப்படுகிறதோ அந்த நிலையிலேயே சோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே மூடிய பெட்டியை மேசைமேல் வைத்து, மூன்று வல்லுநர்கள் ஆளுக்கு நாற்பது முறை தட்டினார்கள். ஒருவர் மென்மையாக, ஒருவர் நடுத்தரமாக, ஒருவர் கடன்காரன் மாதிரி. அறிக்கை வந்தது: 'மேற்படி விளக்கு நூற்றிருபது தட்டல்களுக்கும் ஒளிரவில்லை. வெப்பமில்லை. புகையில்லை. மின்கசிவில்லை. இவ்வாய்வகம் இதுகாறும் சோதித்த விளக்குகளிலேயே மிகவும் பாதுகாப்பானது இதுவே எனச் சான்றளிக்கப்படுகிறது.'

சான்றை உரியவர் இல்லத்தில் நேரில் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பரிசோதகர் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாம் தட்டுக்குக் கை ஓங்குவதற்குள் கதவு விரியத் திறந்தது.

"வாங்க! நான் உயிரோடதான் இருக்கேன்!" என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் பல்லாக. "உடனே தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா? இதோ, இந்த விளக்கு சொல்லிடுச்சு!"

பரிசோதகர் விளக்கைப் பார்த்தார். சான்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்.

"அம்மா, உங்க வீட்டு விளக்கு எரியுது."

"ஆமா சார். நல்லாவே எரியுது."

"அதுதான் சங்கடம். நாங்க சான்று குடுத்தது எரியாத விளக்குக்கு."

"அதே பெட்டிதான் சார்."

"அதே பெட்டின்னா எரியக் கூடாதே? நூத்திருபது தட்டுக்கு எங்களுது எரியலை. உங்களுது ஒரு தட்டுக்கே எரிஞ்சிருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. அறிக்கை தப்பா இருக்க வழியில்லை."

"சார், அவருக்குக் காது கேக்காது. இந்த விளக்கு இல்லைன்னா அவர் செத்துப்போயிடுவார்."

"அது வேற ஆபீஸும்மா" என்றார் பரிசோதகர், உண்மையான வருத்தத்தோடு.

ஏழு நாளுக்குள் விளக்கைப் பிரித்துப் பழையபடி பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்குச் சீல். ஆனால் சட்டத்துக்கும் ஈரம் உண்டு. இதேபோல் இணைத்துத் தீங்கின்றிப் பயன்படுத்திய ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், விஷயம் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

ஐந்து பேர்தானே? சுற்றுவட்டாரத்தில் அதற்குள் அறுபது பெட்டிகள் விற்றிருந்தன. கடைக்காரம்மா தெம்பாகத்தான் புறப்பட்டாள்.

நாத்தனாரின் மீன்தொட்டி பக்கத்தில் பெட்டி இருந்தது. அதற்குக் கண்ணாடிக் கூண்டு ஏறியிருந்தது.

"உங்கண்ணனுக்காகக் கேக்கறேன். இன்னிக்குச் சாயங்காலம் நானே உக்காந்து சேத்துத் தரேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

"அண்ணனுக்காக உயிரையே குடுப்பேன் அண்ணி" என்றாள் நாத்தனார், கண் கலங்கி. "பெட்டியை மட்டும் கேக்காதீங்க. போன வாரம்தான் கண்ணாடி போட்டேன்."

பல் டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். பல் பிடுங்குகிற நாற்காலி. "இணைக்கணும்ங்கிற கொள்கையை மன்றம் முழு மனசோட ஆதரிக்குதும்மா. தீர்மானமே போட்டுத் தரோம். ஆனா இணைச்ச ஆள் யாருன்னு கேட்டா... எல்லாருக்கும் வேலை இருக்கு. எங்க நேரம்?"

"நீங்க சேத்தா போதும் டாக்டர். ஒரு மத்தியானம்தான்."

"சேக்கத்தான் போறேன். அவசரப்பட்டுச் செய்யற காரியமா அது?"

அறுபது வீட்டில் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியபின் அவளுக்குக் கால் வலித்தது. கையில் இருந்த காகிதத்தில் அவளுடைய கையெழுத்து மட்டும் இருந்தது. சம்பந்தப்பட்டவர் சாட்சி ஆக முடியாது.

ஏழாம் நாள் பரிசோதகர் முன்னிலையில் அவள் விளக்கைப் பிரித்தாள். அவர் காகிதத்தோடு ஒப்பிட்டு எண்ணினார். ஒரு உருண்டை குறைந்தது. மூவரும் தரையில் தவழ்ந்து தேடி, அலமாரிக்கு அடியில் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தவர் வீட்டுக்காரர். "இதானே?" என்று கேட்டு அவரே பெட்டிக்குள் போட்டார். பிறகு வெறும் கதவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது: 'எச்சரிக்கை. இணைக்கக் கூடாது.'

இனி யார் வாங்குவார்கள் என்று கடைக்காரம்மா நினைத்தாள். கூட்டம் தாங்கவில்லை. அதுவரைக்கும் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வாங்கியவர்களுக்கு நெஞ்சில் சின்னதாக ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. சட்டம் அந்த முள்ளை எடுத்துவிட்டது. "நாங்க செஞ்சிருப்போம், எங்க விடறாங்க?" என்று வாங்கும்போதே சொல்லிக்கொண்டார்கள். பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் வந்து சீட்டு மட்டும் கேட்டார்கள். கடைக்காரம்மா கொடுத்தாள். சிரித்த முகமாகத்தான் கொடுத்தாள். கடை என்றால் சிரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆயுள் குமாஸ்தா எந்த நாளும் வரலாம். விளக்கைப் பிரித்த மறுநாள் காலையே அவள் கடையிலிருந்து சணல் கயிற்று உருண்டையை எடுத்துப் போனாள். ஒரு முனையை வீட்டுக்காரரின் மணிக்கட்டில் கட்டினாள். ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டு, மறுமுனையில் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். 'தட்ட வேண்டாம், இழுக்கவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினாள்.

"மாட்டைக் கட்டற மாதிரிக் கட்டறே" என்றார் அவர்.

"மாட்டை யாரும் செத்துப்போச்சுன்னு எழுத மாட்டாங்க" என்று அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியச் சொன்னாள்.

நான்காம் நாள் குமாஸ்தா வந்தார். அட்டையைப் படித்தார். இழுத்தார். உள்ளே ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. சட்டையெல்லாம் தேநீரோடு, கையில் கயிறோடு, வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். குமாஸ்தா 'உயிருடன் உள்ளார்' என்று எழுதிக்கொண்டார். 'அழைக்கப்பட்ட விதம்' என்ற கட்டத்தில், நேர்மையான மனிதர், 'கயிறு' என்று எழுதினார்.

வேறு ஆபீஸ் என்று பரிசோதகர் சொன்னது சரிதான். ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் காகிதங்கள் ஆபீஸ் விட்டு ஆபீஸ் நடந்தே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வாரத்தில் பரிசோதகர் வந்து நின்றார். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்தார்.

"கயிறு விக்க உங்களுக்கு அனுமதி இருக்கும்மா. அழைப்புக் கருவிக்கு இல்லை."

"இது கயிறுதான் சார்."

"இந்த முனையில ஒரு முடிச்சு. அந்த முனையில ஒரு முடிச்சு. நடுவுல இருக்கிறது கயிறு இல்லைம்மா, கருவி."

அவரே குனிந்து, வீட்டுக்காரரின் மணிக்கட்டு வலிக்காதபடி, பொறுமையாக அவிழ்த்தார். நல்ல மனிதர் என்பதில் சந்தேகமே இல்லை. கயிறும் கட்டையும் தனித்தனியாக ஆய்வகத்துக்குப் போயின. மூன்று வல்லுநர்கள் நூற்றிருபது முறை இழுத்தார்கள். யாரும் வரவில்லை. மிகவும் பாதுகாப்பானது எனச் சான்று வந்தது.

"அடுத்த வருஷம் குமாஸ்தா வந்தா சார்?"

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கேம்மா" என்றார் பரிசோதகர்.

இரண்டு மாதத்தில் கம்பெனி ஆள் புதுச் சரக்கு கொண்டுவந்தான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. உள்ளே பன்னிரண்டு அடிச் சணல் கயிறு, வழவழப்பான மரக்கட்டை, எட்டாக மடித்த செய்முறைக் காகிதம். மேலே 'இழுத்தால் அழைக்கும் கயிறு'. கீழே சிவப்புச் சீட்டு: 'எச்சரிக்கை. முடிச்சுப் போடக் கூடாது.'

கடை திறக்குமுன்பே வரிசை நின்றது. முதல் ஆள் நாத்தனார். மீன்தொட்டியின் இன்னொரு பக்கம் காலியாக இருந்ததாம். அடுத்தவர் பல் டாக்டர். மூன்றாவதாகப் பரிசோதகர், அலுவலாக அல்ல, சொந்த முறையில். "வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா" என்றார் வெட்கத்தோடு.

கடைக்காரம்மா அவருடைய பெட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். பழக்கத்தில் கை தானாகக் கயிற்று உருண்டைக்குப் போயிற்று. பொட்டலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பரிசோதகர் மெல்லக் கனைத்தார். அவள் அவிழ்த்துவிட்டு, அப்படியே கொடுத்தாள். பின்னால் நின்றவர்களும் அவரவர் பொட்டலத்தைக் குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

தனியாக வீட்டில் விடப் பயந்து, இப்போதெல்லாம் வீட்டுக்காரரைக் கடைக்கே கூட்டி வந்துவிடுகிறாள். மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர், ஒரு பெட்டியை எடுத்து மேலே எழுதியிருந்ததைப் படித்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

"எனக்குக் காது போச்சு, சரி" என்று கடை அதிரக் கேட்டார். "இவங்களுக்கெல்லாம் என்னடி போச்சு?"

கடைக்காரம்மா சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். பிறகு வரிசையைப் பார்த்துச் சிரித்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.